பதினொரு குடத்திலிருந்து எட்டரைக்கு, பிறகு ஒன்பதுக்கு: ஒரு குடியிருப்பின் தண்ணீர்க் கணக்கு

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மொட்டைமாடியில் ஆறு மீட்டர்களையும் படித்துக் கூட்டிப் பார்த்தபோது, எங்கள் குடியிருப்பில் ஆளுக்கு நாளொன்றுக்கு 9 குடம் (குடத்துக்கு 15 லிட்டர்) தண்ணீர் செலவாகியிருந்தது. பிப்ரவரியில் இது 11 குடமாக இருந்தது. செப்டம்பரில் எட்டரைக் குடம் வரை இறங்கியது. மழை தொடங்கி லாரி நின்றதும் மறுபடியும் அரைக் குடம் ஏறிவிட்டது. ஏறிய அந்த அரைக் குடம் எங்கிருந்து வந்தது என்பதைப் பத்து மாதக் குறிப்பேட்டிலிருந்து ஓரளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

சென்னை மடிப்பாக்கத்தில் 2001இல் கட்டப்பட்ட, கீழே வண்டி நிறுத்துமிடமும் மேலே மூன்று தளங்களும் கொண்ட கட்டடம் எங்களுடையது. தளத்துக்கு 6 வீதம் 18 வீடுகள். அவற்றில் ஒன்று பல மாதங்களாகப் பூட்டிக் கிடக்கிறது. மீதி 17 வீடுகளில் 61 பேர் வசிக்கிறோம். போர் எனப்படும் ஆழ்துளைக் கிணறு தருவது போக மீதித் தேவைக்கு 12,000 லிட்டர் தண்ணீர் லாரிதான். இந்த ஆண்டு லாரிக்கு 1,800 ரூபாய் கொடுத்தோம். யார் எவ்வளவு செலவழித்தாலும் பராமரிப்புக் கட்டணம் எல்லோருக்கும் ஒன்றே என்பதால், கோடையில் லாரிச் செலவு கூடும்போதெல்லாம் சங்கக் கூட்டத்தில் ஒருவர் மற்றவரைச் சாடுவதும், பொருளாளரான நான் கணக்குப் புத்தகத்தை மூடிக்கொண்டு எழுந்துவிடுவதும் ஆண்டுதோறும் நடந்துவந்தன.

2019 கோடையில் நாங்கள் செய்த முயற்சியைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டு, ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வந்த ஆண்டு அது. அப்போது காலையில் இரண்டு மணி நேரமும் மாலையில் ஒரு மணி நேரமும் மட்டுமே மேல்நிலைத் தொட்டியின் வால்வைத் திறந்தோம். அதன் விளைவாக எல்லா வீடுகளும் பெரிய பெரிய டிரம்களை வாங்கி நிரப்பின. மறுநாள் புதுத் தண்ணீர் வந்ததும் பழையதைக் கீழே கொட்டின. லாரி எண்ணிக்கை குறைந்தது என்னவோ உண்மைதான், ஆனால் நினைத்த அளவில் பாதிகூட இல்லை. வால்வைப் பூட்டுவதைவிட அளவைக் கண்ணில் காட்டுவது பயன்தருமோ என்ற எண்ணம் அப்போதே தோன்றியது. அளக்க வழி தெரியாததால் கிடப்பில் கிடந்தது.

இந்த ஆண்டு ஜனவரியில் அளக்கும் வேலையைத் தொடங்கினோம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மீட்டர் வைக்கலாம் என்றுதான் எல்லோரும் எண்ணியிருந்தோம். பிளம்பர் வந்து பார்த்தபின்புதான் ஒவ்வொரு வீட்டுக்கும் தண்ணீர் மூன்று குழாய்களின் வழியாக இறங்குவது புரிந்தது: இரண்டு குளியலறைகளுக்குத் தனித்தனியாக, சமையலறைக்கும் துணி துவைக்கும் இடத்துக்கும் சேர்த்து ஒன்று. அப்படியானால் 54 மீட்டர்கள் வேண்டும். பொருத்தும் கூலியோடு ஒன்றுக்கு 3,000 ரூபாய் என்றாலும் 1,62,000 ரூபாய். கூட்டத்தில் இந்தத் தொகையைப் படித்து முடிப்பதற்குள் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள்.

வேறு வழி மொட்டைமாடியில் கிடைத்தது. தொட்டியிலிருந்து கிளம்பும் 50 மி.மீ. குழாய் மாடியைச் சுற்றி ஓடி, ஆறு இடங்களில் கிளை பிரிகிறது. ஒவ்வொரு கிளையும் மூன்றாகப் பிரிந்து சுவரோரமாக இறங்கி, ஒன்றன் கீழ் ஒன்றாக உள்ள மூன்று வீடுகளுக்கு நீர் தருகிறது. கிளைக்கு ஒரு மீட்டர் வைத்தால் ஆறே மீட்டர்களில் வேலை முடிந்துவிடும். ஒரு தனி வீட்டின் செலவு தெரியாது, மூன்று வீடுகள் சேர்ந்த ஒரு வரிசையின் செலவு மட்டும் தெரியும். இதை நான் அப்போது குறையாகத்தான் கருதினேன். எந்த வீட்டையும் நேரடியாகச் சுட்டிக்காட்ட முடியாததால்தான் ஒருவரும் எதிர்க்காமல் கையெழுத்திட்டார்கள் என்பது பின்னர்தான் விளங்கியது.

தண்ணீர் மீட்டருக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 779 முத்திரை உள்ள, 25 மி.மீ. அளவுள்ள ஆறு மீட்டர்கள் 19,200 ரூபாய். அவற்றுக்கான வடிகட்டி, யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு), பந்து வால்வு ஆகியவை 5,400. பிளம்பருக்கு இரண்டு நாள் கூலி 6,000. ஆக 30,600 ரூபாய். இந்த இடத்தில் முதல் தவறு நடந்தது. கிடைமட்டக் குழாயில் இடம் நெருக்கடியாக இருந்ததால், முதல் இரண்டு மீட்டர்களைக் கீழிறங்கும் செங்குத்துப் பகுதியில் வைத்துவிட்டோம். சந்தேகம் வந்து, 200 லிட்டர் டிரம் ஒன்றை அந்த வரிசையின் குழாயிலிருந்து நிரப்பிப் பார்த்தேன். குழாயை முழுதாகத் திறந்து நிரப்பினால் மீட்டர் 196 காட்டியது. மெல்லிய ஒழுக்காக விட்டு நிரப்பினால் 163தான் காட்டியது. ஒழுகும் நீரை எண்ணாத மீட்டரால் எங்களுக்கு என்ன பயன்? இரண்டையும் கழற்றிக் கிடைமட்டமாக மாற்றினோம். அதே சோதனையில் முழு வேகத்தில் 198, மெல்லிய ஒழுக்கில் 193 என வந்தது. இத்துடன் இன்னொரு திருத்தமும் தேவைப்பட்டது. தொட்டி காலியாகும்போது குழாய்க்குள் காற்று புகுந்து மீட்டரை வீணாகச் சுழற்றியதால், மீட்டர் இருக்கும் துண்டை யு வடிவில் கொஞ்சம் தாழ்த்தி, எப்போதும் நீர் நிறைந்திருக்கும்படி செய்தோம். இந்த மறுவேலைக்குக் கூடுதலாக 2,900 ரூபாய் ஆயிற்று. பொருத்துவதற்கு முன்பே டிரம் சோதனையைச் செய்திருந்தால் இதை மிச்சப்படுத்தியிருக்கலாம்.

பொருத்திய மூன்றாம் நாள், மூன்றாம் தளத்தில் ஷவர் நூலாக வருகிறது என்று புகார் வந்தது. மேல் தளத்துக்கும் தொட்டிக்கும் இடையே உயர வேறுபாடு குறைவு. எங்கள் அளவுப்படி ஷவருக்கு மேல் மூன்றரை மீட்டர்கூட இல்லை. ஆகவே மீட்டர்தான் அழுத்தத்தை விழுங்குகிறது, கழற்றிவிடுங்கள் என்று இரண்டு நாள் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தால், குழாயை அறுத்தபோது உள்ளே விழுந்த பிளாஸ்டிக் சுருள்களும் டெஃப்லான் டேப் துணுக்குகளும் ஒரு கைப்பிடி அளவுக்கு அடைத்துக்கொண்டிருந்தன. குழாயை அறுத்தபின், மீட்டரைப் பொருத்துவதற்கு முன்னால் ஐந்து நிமிடம் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது.

பிப்ரவரி 28 நாட்களும் பலகை, அறிவிப்பு எதுவும் இல்லாமல் அளவை மட்டும் எடுத்தோம். மொத்தம் 2,82,000 லிட்டர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,070, ஆளுக்கு 165. நிலத்தடிக் கழிவுநீர் வசதியுள்ள நகரங்களுக்கு மத்திய அரசின் குடிநீர் வழங்கல் கையேடு வைத்திருக்கும் அளவு ஆளுக்கு 135 லிட்டர். வரிசைகளுக்கிடையே பெரிய வேறுபாடு இருந்தது. 5ஆம் வரிசையில் ஆளுக்கு 118, 2ஆம் வரிசையில் 221.

மார்ச் முதல் வாரம், மாடிப்படியின் கீழே எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒரு கரும்பலகையை மாட்டினோம். சட்டம், சாக்கட்டி, ஆணி எல்லாம் சேர்த்து 950 ரூபாய். ஆறு வரிசைகளையும் குறைவிலிருந்து கூடுதலுக்கு வரிசைப்படுத்தி, கடைசியில் நின்ற வரிசையைச் சிவப்புச் சாக்கட்டியால் எழுதினேன். இந்த யோசனை முழுக்க என்னுடையது, அதன் பழியும் என்னுடையதுதான். இரண்டே வாரங்களில் 2ஆம் வரிசையின் முதல் தளத்து வீட்டுக்காரர் என்னை நிறுத்தி, தம் தாயார் நான்கு ஆண்டுகளாகப் படுக்கையில் இருப்பதையும், நாளுக்கு இரண்டு முறை விரிப்புகளைத் துவைக்க வேண்டியிருப்பதையும் சொன்னார். அவருடைய வரிசையில் செலவு குறையவுமில்லை. நான்கு வாரச் சராசரி 224 ஆக நின்றது. அதைவிட எனக்கு வியப்பளித்தது, முதலிடத்தில் நின்ற 5ஆம் வரிசை 118இலிருந்து 131க்கு ஏறியதுதான். நம்மைவிட எல்லோரும் அதிகம் செலவழிக்கிறார்கள் என்று தெரிந்ததும் அவர்களுடைய கை தளர்ந்துவிட்டது. கலிபோர்னியாவின் சான் மார்கோஸ் நகரில் சுமார் 290 வீடுகளின் மின்செலவை அக்கம்பக்கத்துச் சராசரியோடு ஒப்பிட்டுக் காட்டிய, 2007இல் வெளியான ஆய்வொன்றில் இதேதான் நடந்தது என்பதை எங்கள் குடியிருப்பில் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் எடுத்துச் சொன்னார். குறைவாகச் செலவழித்த வீடுகளின் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சிரித்த முகத்தை வரைந்ததும் அங்கே அந்த ஏற்றம் நின்றதாம். மொத்தத்தில் மார்ச் மாதச் சராசரி 158.

ஏப்ரலில் பலகையை அழித்து மறுபடி எழுதினோம். லிட்டரை விட்டுவிட்டுக் குடத்துக்கு மாறியது அப்போதுதான். 165 லிட்டர் என்றால் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. பிளாஸ்டிக் குடம் ஒன்று 15 லிட்டர் என்று வைத்து, ஆளுக்கு 11 குடம் என்று எழுதியதும், லாரிக்குப் பின்னால் குடத்தை இடுப்பில் வைத்து வரிசையில் நின்ற தலைமுறை அதைப் படித்துவிட்டுப் படியில் நின்று பேசத் தொடங்கியது. 135 லிட்டர் என்பதும் முழுசாக 9 குடமாக அமைந்தது எங்கள் அதிர்ஷ்டம். சிவப்பு எழுத்து போயிற்று, தரவரிசையும் போயிற்று. ஒவ்வொரு வரிசைக்கும் சென்ற வாரத்து அளவும் இந்த வாரத்து அளவும் மட்டும் இருந்தன. 9 குடத்துக்குள் நின்ற வரிசைக்குப் பக்கத்தில் பிள்ளைகள் ஒரு சிறு புள்ளிக் கோலம் போட்டார்கள். மீட்டரைப் படிக்கும் வேலையும் முறை வைத்து ஒவ்வொரு வரிசைக்கும் போயிற்று. ஞாயிறு காலை அந்த மூன்று வீட்டாரில் ஒருவர் என்னோடு மாடிக்கு வர வேண்டும் என்பது ஏற்பாடு. 5ஆம் வரிசை 119க்குத் திரும்பிவிட்டது. ஏப்ரல் சராசரி 155. ஆக, பலகை மட்டும் தானாகச் சாதித்தது ஆளுக்குப் பத்து லிட்டர்.

இந்தப் பத்து லிட்டரோடு நின்றிருந்தால் இதைப் பற்றி எழுதியிருக்க மாட்டேன். ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை 2ஆம் வரிசைக்காரர்கள் தாங்களாகவே ஒரு சோதனையைக் கேட்டார்கள்: எல்லோரும் தூங்கும் நேரத்தில் தங்கள் மீட்டர் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். இரவு 11 மணிக்கு டார்ச்சோடு ஏறி ஆறு எண்களையும் குறித்துக்கொண்டோம். விடியற்காலை 4.30க்கு மறுபடி ஏறினோம். அந்த ஐந்தரை மணி நேரத்தில் ஆறு வரிசைகளிலும் சேர்த்து 410 லிட்டர் ஓடியிருந்தது. 2ஆம் வரிசையில் மட்டும் 112 லிட்டர்.

மறுநாள் பிளம்பரோடு நாலைந்து பேர் வீடு வீடாகப் போனோம். பிளஷ் டேங்கின் மூடியைத் திறந்து ஒரு சிட்டிகை கேசரிப் பவுடரைக் கரைத்துவிட்டு, அரை மணி நேரம் யாரும் பிளஷ் செய்யாமல் வைத்திருந்தால் போதும். அடைப்பு ரப்பரில் கசிவு இருந்தால் கழிப்பறைக் கோப்பையில் ஆரஞ்சு நிறம் தெரியும். 36 பிளஷ் டேங்குகளைச் சோதித்ததில் 7 கசிந்தன. அவற்றில் மிக மோசமானது பூட்டிக் கிடந்த அந்த வீட்டில் இருந்தது. அது 2ஆம் வரிசையின் மூன்றாம் தளம். தாம்பரத்திலிருந்த உறவினரிடமிருந்து சாவியை வாங்கித் திறந்தோம். யாரும் இல்லாத வீட்டில் சத்தமே இல்லாமல் நாளுக்கு 400 லிட்டருக்கு மேல் கழிப்பறை வழியாகப் போய்க்கொண்டிருந்தது. நான் சிவப்புச் சாக்கட்டியால் எழுதிய நான்கு வாரமும், படுக்கையிலிருக்கும் தாயாரைப் பராமரிக்கும் குடும்பத்தின் தலையில் ஏற்றியது இந்தத் தண்ணீரைத்தான். நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் காபி கொடுத்து அனுப்பினார்.

அடைப்பு ரப்பர், மிதவை வால்வு ஆகியவற்றுக்கு டேங்க் ஒன்றுக்கு 350 வீதம் 2,450 ரூபாய், கூலி 1,500. இரண்டு வாரங்களில் எல்லாம் முடிந்தபின் மறுபடி இரவுச் சோதனை செய்தோம். 410 லிட்டர் 160ஆக இறங்கியிருந்தது. 2ஆம் வரிசையின் நாள் சராசரி 174க்கு வந்தது. ஜூன் மாதத்தில் குடியிருப்பின் சராசரி 137. ஆளுக்குப் பதினெட்டு லிட்டர் குறைவு, அதுவும் யாரும் தம் பழக்கத்தைச் சிறிதும் மாற்றிக்கொள்ளாமல்.

இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னாலும் இலவசமாகக் கசிவுச் சோதனை செய்வதாகச் சங்கத்திலிருந்து அறிவித்தோம். 5 வீடுகள்தான் கதவைத் திறந்தன. இந்த முறை ஒரு வீடும் மறுக்கவில்லை. பலகையின் உண்மையான வேலை குழாயை மூட வைத்ததைவிடக் கதவைத் திறக்க வைத்ததுதான் என்று நான் கருதுகிறேன். தம் வரிசையின் எண் தம்முடையதாகத் தோன்றியதும், அதில் கலந்துவிட்ட அயல் தண்ணீரைக் கண்டுபிடிப்பதில் எல்லோருக்கும் ஆர்வம் வந்துவிட்டது.

மீட்டருக்கு முன்னால் நடக்கும் இழப்பு ஒன்று தனியாக இருந்தது. காவலாளி மோட்டாரைப் போட்டுவிட்டு வேறு வேலையாகப் போய்விட்டால், தொட்டி நிரம்பி வழியும் நீர் பின்புறத்துக் காலி மனையில் விழும். யார் காதுக்கும் எட்டாது. இதற்கு 2,800 ரூபாயில் ஒரு தானியங்கிக் கருவியை வாங்கி வைத்தோம். எங்கள் போர்த் தண்ணீரின் உப்பு அதன் உணர்கம்பிகளில் வெள்ளையாகப் படிந்து, இரண்டே மாதத்தில் அது தொட்டி எப்போதும் நிரம்பியிருப்பதாகச் சொல்லத் தொடங்கியது. மோட்டார் ஓடாமல் ஒரு காலைப்பொழுது முழுவதும் தண்ணீரின்றித் தவித்தோம். அதைக் கழற்றிவிட்டு, வழியும் குழாயை 640 ரூபாய் செலவில் முன்பக்கம் நீட்டி, காவலாளியின் நாற்காலிக்கு எட்டடி தள்ளி ஒரு பழைய எண்ணெய் டின்னின் மேல் விழும்படி விட்டோம். தண்ணீர் வழிந்தால் தகர டின்னில் தாளம் கேட்கிறது, முதல் தளத்து வீடுகளுக்கும் கேட்கிறது. பழுதாவதற்கு இதில் எந்தப் பாகமும் இல்லை.

ஜூலையில் குழாய் முனைகளில் ஏரேட்டர் (காற்றைக் கலந்து நீரின் வரத்தைக் குறைக்கும் சிறு சல்லடை மூடி) பொருத்தும் வேலை. முதலில், விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று அறிவிப்பை ஒட்டினோம். பத்து நாளில் 4 வீடுகள் பெயர் கொடுத்தன. பிறகு அதே தாளைத் திருப்பி எழுதினோம்: வரும் ஞாயிறு பிளம்பர் எல்லா வீடுகளுக்கும் வந்து பொருத்துவார், வேண்டாதவர்கள் சனிக்கிழமைக்குள் காவலாளியிடம் சொல்லிவிட வேண்டும். 3 வீடுகள் வேண்டாம் என்றன, 14 வீடுகளில் பொருத்தினோம். செய்தி ஒன்றே, விலையும் ஒன்றே. முதலாவதில் வேண்டும் என்பவர் எழுந்து வர வேண்டியிருந்தது. இரண்டாவதில் வேண்டாம் என்பவர். வீட்டுக்கு 3 வீதம் 42 ஏரேட்டர்கள், ஒன்று 120 ரூபாய், மொத்தம் 5,040.

ஒரு லிட்டர் குவளையும் கைபேசியின் நிறுத்து கடிகாரமும் வைத்து அளந்தேன். முதல் தளத்துச் சமையலறையில் முன்பு 6 விநாடியில் நிறைந்த குவளை, ஏரேட்டருக்குப் பின் 17 விநாடி எடுத்தது. அங்கே யாருக்கும் குறையில்லை. மூன்றாம் தளத்திலோ முன்பே 11 விநாடி, பொருத்தியபின் 34. குக்கரில் தண்ணீர் பிடிப்பதற்குள் பொறுமை போய்விடும். அந்தத் தளத்தில் பொருத்திய 5 வீடுகளிலும் சமையலறை ஏரேட்டரைக் கழற்றிவிட்டு, கைகழுவும் தொட்டிகளில் மட்டும் விட்டுவைத்தோம். அடுத்த முறை தளத்துக்குத் தளம் அளந்துவிட்டே வாங்குவேன். ஐந்து வாரத்தில் எல்லா ஏரேட்டர்களிலும் உப்பு அடைத்துக்கொண்டது. ஊசியால் குத்திப் பார்த்து இரண்டை உடைத்தபின், 4ஆம் வரிசையின் மூத்த பெண்மணி ஒருவர், குத்துவிளக்கு துலக்கும் புளியைக் கரைத்து ஓர் இரவு ஊறவைக்கச் சொன்னார். அது வேலை செய்தது. இப்போது அமாவாசைக்கு அமாவாசை கழற்றி ஊறப்போடுவது வழக்கமாகிவிட்டது. தேதியை நினைவில் வைக்க இதைவிட எளிய வழி எங்களுக்குக் கிடைக்கவில்லை.

ஏரேட்டரின் பலன் ஆளுக்கு 4 லிட்டர்தான். ஏன் இவ்வளவு குறைவு என்று தேடியபோது என்னுடைய இரண்டாவது பெரிய தவறு தெரிந்தது. 17 வீடுகளில் 11 வீடுகளில் சமையலறைக் குழாயை நாளெல்லாம் அதிகம் திறப்பவர்கள் அந்த வீட்டுக்காரர்கள் அல்லர், பாத்திரம் தேய்க்க வரும் பெண்கள். எந்தக் கூட்டத்துக்கும் அவர்களை நாங்கள் அழைக்கவில்லை. பலகையில் அவர்களுக்கென்று ஓர் எழுத்தும் இல்லை. எங்கள் கட்டடத்தில் ஆறு வீடுகளுக்கு வரும் அக்காவிடம் கேட்டபோது அவர் நேரடியாகவே சொன்னார்: “குழாய் மெதுவா வந்தா ஒரு வீட்டுக்குப் பத்து நிமிஷம் கூடுது சார். ஆறு வீட்டுக்கு ஒரு மணி நேரம். அதுக்கு யாரு சம்பளம் குடுப்பாங்க?” சில வீடுகளில் அவர் வந்ததும் ஏரேட்டரைத் திருகிக் கழற்றி வைத்துவிட்டு, வேலை முடிந்ததும் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். குறை சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

வழியையும் அவரே சொன்னார். ஊரில் தொட்டியில் முக்கித்தான் அலசுவோம், இங்கே தொட்டிக்கு இடமில்லை என்று குழாயைத் திறந்துவிடுகிறோம் என்றார். சிங்கின் அளவுக்குப் பொருந்தும் ஒரு பிளாஸ்டிக் தொட்டியை 180 ரூபாய்க்கு வாங்கி என் வீட்டிலேயே சோதித்தோம். ஓடும் குழாயில் ஒரு நாள் பாத்திரத்துக்கு 62 லிட்டர் ஆயிற்று. சோப்புப் போட்டவற்றை முதலில் தொட்டியில் முக்கி எடுத்து, கடைசி அலசலை மட்டும் குழாயில் செய்தபோது 34 லிட்டர். நேரம் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். கழிவுநீர்க் குழாயின் அடியில் வாளியை வைத்து அளந்ததால் இந்த எண்களில் எனக்கு நம்பிக்கை உண்டு. 11 வீடுகளுக்கும் 11 தொட்டிகள், 1,980 ரூபாய். செப்டம்பரில் குடியிருப்பின் சராசரி 128 ஆயிற்று. அந்த மாதக் கூட்டத்தில் அக்காவும் வேறு இரண்டு பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். கார் துடைக்க வருபவரிடம் ஹோஸ் குழாயை விட்டுவிட்டு இரண்டு வாளிக்கு மாறச் சொல்லிக் கேட்டதும் அவர்கள்தாம். நான் இரண்டு முறை சொல்லி நடக்காத காரியம் அது.

மொத்தச் செலவு, வீணாய்ப்போன தானியங்கிக் கருவியையும் சேர்த்து, 48,860 ரூபாய். வீட்டுக்கு ஏறத்தாழ 2,714. லாரிப் பதிவேட்டின்படி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களில் சென்ற ஆண்டைவிட 19 லாரிகள் குறைவாக வந்தன. 34,200 ரூபாய் மிச்சம். போட்ட பணம் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. அடுத்த கோடையில் திரும்பிவிடும் என்று கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் பாதியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியது. லாரி நின்றது. இரண்டு ஞாயிறு மீட்டர் படிக்க யாரும் மாடிக்கு வரவில்லை, மழைச் சாரலில் பலகையும் அழிந்து கிடந்தது. நவம்பரில் அளந்தபோது 135. இரவுச் சோதனையைத் திரும்பச் செய்தேன்: 165 லிட்டர். அதாவது, அடைத்த கசிவு அடைத்தபடியே இருக்கிறது. பாத்திரத் தொட்டிகளும் பயன்பாட்டில்தான் இருக்கின்றன. திரும்பி வந்த 7 லிட்டர், பலகை ஏப்ரலுக்குள் சம்பாதித்த அந்தப் பத்து லிட்டரிலிருந்துதான் போயிருக்க வேண்டும். ரப்பரும் தொட்டியும் தம் வேலையை யாரும் பாராமலே செய்கின்றன. பலகையை மட்டும் வாரா வாரம் எழுத வேண்டியிருக்கிறது, எழுதுவதற்கு ஒரு காரணமும் வேண்டியிருக்கிறது. மழைக்காலத்தில் லாரிச் செலவு என்ற காரணம் செல்லுபடியாகவில்லை.

இதை மறுபடி முதலிலிருந்து செய்வதானால், மீட்டர் வைத்த முதல் வாரமே இரவுச் சோதனையை முடித்துவிட்டு, கசிவுகளை அடைத்தபின்தான் பலகையில் ஓர் எண்ணையாவது எழுதுவேன். பாத்திரம் தேய்ப்பவர்களை முதல் கூட்டத்துக்கே, அவர்களுக்கு ஒத்துவரும் மதியம் இரண்டு மணிக்கு அழைப்பேன். ஏரேட்டரைக் கடைசியில் யோசிப்பேன்.

மழைக்காலத்துக்கு இப்போது வேறொன்றை முயன்று பார்க்கிறோம். கட்டடத்தின் பின்னால் ஒரு பழைய உறைகிணறு இருக்கிறது. 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது மொட்டைமாடித் தண்ணீரை அதில் இறங்கும்படி விட்டதோடு சரி, அதற்குப் பின் யாரும் எட்டிப் பார்த்ததில்லை. சென்ற வாரம் பிள்ளைகள் ஒரு நைலான் கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சாகப் போட்டு, நுனியில் கல்லைக் கட்டி இறக்கினார்கள். பதினான்காவது முடிச்சுக்குக் கீழே நனைந்திருந்தது. பலகையில் 9 குடத்துக்குப் பக்கத்தில் ‘கிணறு 14 அடி’ என்று எழுதியிருக்கிறோம். தண்ணீர் மேலே ஏற ஏற இந்த எண் குறையும் என்பதைச் சின்னவர்களுக்குப் புரியவைப்பது கொஞ்சம் கடினமாகத்தான் இருக்கிறது. 3ஆம் வரிசையின் மீட்டர் கண்ணாடிக்குள் ஈரம் கோத்து எண் சரியாகத் தெரியவில்லை. மழை ஓய்ந்ததும் அதைக் கழற்றி வெயிலில் வைக்க வேண்டும்.